யாருடைய குடியுரிமையையும் பறிக்காத சட்டத்தை எதிர்த்து ஏன் அத்தனை பேர் வீதிக்கு வந்தார்கள்?

2019 டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் இந்தியக் குடிமக்கள் எவருடைய குடியுரிமையையும் பறிக்கவில்லை என்று ஒன்றிய அரசு பலமுறை விளக்கம் அளித்தது. அதற்குப் பிறகும் நாடெங்கும் மாதக்கணக்கில் போராட்டம் நடந்தது ஏன், பாகிஸ்தானோடும் வங்கதேசத்தோடும் எல்லை இல்லாத தமிழ்நாட்டுக்கு அதில் என்ன அக்கறை, அந்தப் போராட்டத்தால் விளைந்தது என்ன என்பவை கேட்கப்பட்ட கேள்விகள். போராடியவர்கள் சட்டத்தைப் படிக்காமல் கிளம்பியவர்கள் என்ற குற்றச்சாட்டும் இந்தக் கேள்விகளோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. அந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. வீதிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் 2019 ஆம் ஆண்டுச் சட்டத்தை 2003 ஆம் ஆண்டு விதிகளோடும், அசாமில் நடந்து முடிந்திருந்த கணக்கெடுப்போடும் சேர்த்துப் படித்தார்கள். அப்படிச் சேர்த்துப் படிப்பதுதான் சரியான வாசிப்பு என்பதே என் பதிலின் சாரம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31 அன்றோ அதற்கு முன்போ இந்தியாவுக்குள் வந்த இந்துக்கள், சீக்கியர்கள், பௌத்தர்கள், சமணர்கள், பார்சிகள், கிறிஸ்தவர்கள் ஆகியோரை, உரிய ஆவணமின்றி வந்திருந்தாலும் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதக் கூடாது என்கிறது அது. குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க மற்றவர்கள் 11 ஆண்டுகள் இந்தியாவில் வாழ்ந்திருக்க வேண்டும் என்றால் இவர்களுக்கு 5 ஆண்டுகள் போதும். அசாம், மேகாலயா, மிசோரம், திரிபுரா மாநிலங்களில் அரசமைப்பின் ஆறாவது அட்டவணைக்குள் வரும் பழங்குடிப் பகுதிகளுக்கும், உள்நுழைவு அனுமதி முறை நடப்பில் உள்ள பகுதிகளுக்கும் இச்சட்டம் பொருந்தாது. சொல்லப்பட்டது இவ்வளவுதான். இதில் எந்த இந்தியக் குடிமகனையும் வெளியேற்றும் பிரிவு இல்லை என்பது உண்மை. சட்டம் வந்த மறுநாளே முஸ்லிம்களை நாடு கடத்திவிடுவார்கள் என்று அப்போது சிலர் பரப்பிய செய்தி பொய்யானது, அதைப் பரப்பியவர்கள் போராட்டத்துக்குக் கெடுதலே செய்தார்கள்.

அரசு முன்வைத்த வாதத்தையும் அதற்குரிய மதிப்போடு எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த மூன்று நாடுகளிலும் இஸ்லாம் அரச மதம். அங்கே சிறுபான்மையினர் துன்புறுத்தப்பட்டு இங்கே வந்து ஆண்டுக்கணக்கில் நீண்டகால விசாவில் அல்லாடுகிறார்கள். 1950 இல் நேருவும் லியாகத் அலி கானும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி சிறுபான்மையினரைக் காக்கும் கடமையைப் பாகிஸ்தான் நிறைவேற்றவில்லை. ஆகவே பிரிவினையின் எச்சத்தைத் தீர்க்கும் பொறுப்பு நமக்கு உண்டு என்பது அந்த வாதம். பாகிஸ்தானிலிருந்து வந்து தில்லியிலும் ஜோத்பூரிலும் குடிசைப் பகுதிகளில் வாழும் இந்துக் குடும்பங்களின் துயரம் கற்பனை அன்று. அவர்களுக்குக் குடியுரிமை கிடைக்க வேண்டும் என்பதைப் போராட்டத்தின் முன்னணிக் குரல்கள் பலவும் எதிர்க்கவில்லை. அவை கேட்டது, துன்புறுத்தப்பட்டவர் யார் என்பதை அளக்க மதத்தை ஏன் அளவுகோலாக்கினீர்கள் என்பதுதான். பாகிஸ்தானில் அகமதியர்கள், ஆப்கானிஸ்தானில் ஹசாராக்கள், மியான்மரில் ரோஹிங்கியாக்கள், இலங்கையில் தமிழர்கள் என்று துன்புறுத்தப்பட்டோரின் பட்டியல் நீளமானது. சட்டத்தின் உரையில் துன்புறுத்தல் என்பதை மெய்ப்பிக்க வேண்டிய நிபந்தனையும் கிடையாது. நாடும் மதமும் வந்த நாளும் மட்டுமே கணக்கில் வருகின்றன. மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்றக் கூட்டுக்குழுவிடம், உடனடியாகப் பயன்பெறுவோர் 31,313 பேர் என்று உளவுத்துறை தெரிவித்தது. முப்பதாயிரம் பேருக்கு நியாயம் செய்ய, மதத்தின் பெயரைச் சொல்லாமலே ஒரு சட்டம் எழுதியிருக்க முடியும். அரசமைப்பின் 14 ஆவது உறுப்பு குடிமக்களுக்கு மட்டும் உரியதன்று. இந்திய மண்ணில் இருக்கும் எந்த மனிதருக்கும் சட்டத்தின் முன் சமத்துவத்தை அது உறுதி செய்கிறது. உச்ச நீதிமன்றத்தில் தாக்கலான இருநூறுக்கும் மேற்பட்ட மனுக்களின் மையப் புள்ளி இதுவே.

ஆனாலும் ஓர் அரசமைப்பு உறுப்பின் பொருளுக்காக மட்டும் டிசம்பர் குளிரில் பாட்டிமார் நெடுஞ்சாலையில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தது குடிமக்கள் பதிவேடு பற்றிய அச்சம். 2003 ஆம் ஆண்டுத் திருத்தம் குடியுரிமைச் சட்டத்தில் இரண்டு காரியங்களைச் செய்தது. சட்டவிரோதக் குடியேறி என்ற வகையை வரையறுத்தது ஒன்று. குடிமக்கள் அனைவரையும் கட்டாயமாகப் பதிந்து அடையாள அட்டை வழங்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கு அளித்தது மற்றொன்று. அதன் கீழ் எழுதப்பட்ட விதிகளின்படி, முதலில் வீடு வீடாகச் சென்று ஒரு மக்கள்தொகைப் பதிவேடு தயாரிக்கப்படும். பிறகு உள்ளூர்ப் பதிவாளர் அதிலுள்ள விவரங்களைச் சரிபார்த்து, எவருடைய குடியுரிமை ஐயத்துக்குரியது என்று தோன்றுகிறதோ அவருடைய பெயருக்கு எதிரே குறியிடுவார். குடிமக்கள் பதிவேட்டின் வரைவுப் பட்டியல் வெளியானதும் அதிலுள்ள ஒரு பெயருக்கு மற்றொருவர் ஆட்சேபம் தெரிவிக்கலாம். எந்த அடிப்படையில் ஐயம் எழலாம் என்பதற்கு விதிகளில் தெளிவான வரையறை இல்லை. ஒரு கிராமத்துக் கடைநிலை அலுவலரின் பேனாவுக்கு இவ்வளவு அதிகாரம் கொடுத்திருக்கும் இந்த விதிகளை 2003 இல் நாடு கவனிக்கவில்லை, எதிர்க்கட்சிகளும் கவனிக்கவில்லை. 2010 இல் காங்கிரஸ் தலைமையிலான ஆட்சியே முதல் மக்கள்தொகைப் பதிவேட்டைத் தயாரித்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

காகிதத்தில் கிடந்த இந்த விதிகள் நடைமுறையில் என்ன ஆகும் என்பதை அசாம் காட்டியது. அங்கே உச்ச நீதிமன்றத்தின் கண்காணிப்பில், ஏறத்தாழ 3.3 கோடிப் பேரிடம் விண்ணப்பம் பெற்று, ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுத் தயாரிக்கப்பட்ட தேசியக் குடிமக்கள் பதிவேடு 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியானது. 19,06,657 பேரின் பெயர் அதில் இல்லை. 1971 மார்ச் 24 நள்ளிரவுக்கு முன்பே தம் முன்னோர் அசாமில் வாழ்ந்ததற்குச் சான்றும், அந்த முன்னோரோடு தமக்குள்ள உறவுக்குச் சான்றும் ஒவ்வொருவரும் காட்ட வேண்டியிருந்தது. பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் வயதில் ஓராண்டு முன்பின் இருந்தாலும் பெயர் நின்றுபோயிற்று. முன்னாள் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமதுவின் உறவினர் சிலருடைய பெயர்கள் 2018 வரைவில் விடுபட்டிருந்தன. இராணுவத்தில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவரைத் தீர்ப்பாயம் வெளிநாட்டவர் என அறிவித்து 2019 மே மாதத்தில் தடுப்பு முகாமுக்கு அனுப்பியது. அப்போது நடப்பில் இருந்த 1946 ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்தின்படி, தாம் வெளிநாட்டவர் அல்லர் என்று மெய்ப்பிக்கும் சுமை அந்த மனிதர் மீதே விழுந்தது. அரசு எதையும் மெய்ப்பிக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தச் சுமை எல்லோர் மீதும் ஒரே எடையில் விழவில்லை. பள்ளிக்கூடம் போகாமல், சிறு வயதில் திருமணமாகி, வேறு ஊருக்குப் போய் வாக்காளர் பட்டியலில் கணவன் பெயரோடு மட்டுமே பதிவான பெண்ணிடம், தந்தையோடு தனக்குள்ள உறவைக் காட்டும் காகிதம் ஏது? அசாமில் லட்சக்கணக்கான பெண்கள் கிராமப் பஞ்சாயத்துச் செயலரின் சான்றிதழை நம்பியிருந்தார்கள். அது செல்லாது என்று 2017 தொடக்கத்தில் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, சரிபார்ப்புக்கு உட்பட்டு அதை ஏற்கலாம் என்றது. இடைப்பட்ட மாதங்களை அந்தப் பெண்கள் எப்படிக் கழித்திருப்பார்கள்? பின்னர் தில்லி ஷாஹீன் பாக்கிலும் சென்னை வண்ணாரப்பேட்டையிலும் நடந்த தர்ணாக்களில் பெண்கள் ஏன் முன்வரிசையில் இருந்தார்கள் என்று வியந்தவர்கள் உண்டு. ஆவணங்களின் உலகில் தாங்கள்தாம் மிக மெலிந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை அந்தப் பெண்கள் அறிந்திருந்தார்கள் என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தெரியவில்லை.

இனி இரண்டையும் இணைத்துப் பாருங்கள். நாடு முழுவதும் பதிவேடு வந்து, ஆவணமில்லாமல் ஒரு கோடிப் பேர் வெளியே நிற்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் முஸ்லிம் அல்லாதவருக்கு, தாம் அண்டை நாட்டிலிருந்து வந்தவர் என்று சொல்லிக்கொண்டு திரும்ப உள்ளே வர 2019 ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழியைத் திறந்து வைக்கிறது. ஆவணமில்லாத முஸ்லிமுக்கு அந்த வழி இல்லை. பிறந்ததிலிருந்து இந்தியராகவே வாழ்ந்த ஓர் இந்து தம்மைப் பாகிஸ்தானியர் என்று பொய் சொல்லி உள்ளே வர வேண்டியிருக்கும் என்பதும் அவருக்கு இழைக்கப்படும் அவமானமே. இது எதிர்ப்பாளர்கள் தாமாகப் புனைந்த இணைப்பு என்று பிறகு சொல்லப்பட்டது. ஆனால் முதலில் குடியுரிமைச் சட்டம், பிறகு பதிவேடு என்ற வரிசையை 2019 தேர்தல் பிரசாரக் காலத்திலேயே அமித் ஷா வெளிப்படையாகச் சொன்னார். உள்துறை அமைச்சரான பின், அந்த ஆண்டு நவம்பர் 20 அன்று, பதிவேடு நாடு முழுவதும் வரும் என்று மாநிலங்களவையில் அறிவித்தார். போராட்டம் வலுத்த பிறகு, டிசம்பர் 22 அன்று தில்லி ராம்லீலா மைதானத்தில் பேசிய பிரதமர், 2014 முதல் தம் அரசு அந்தப் பதிவேட்டைப் பற்றி விவாதித்ததே இல்லை என்றார். இரண்டே நாளில் மக்கள்தொகைப் பதிவேட்டைப் புதுப்பிக்க 3,941 கோடி ரூபாய்க்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தாய் தந்தையர் எப்போது, எங்கே பிறந்தார்கள் என்ற கேள்வியும் அதில் இடம்பெற இருந்தது. ஒரு மாத இடைவெளியில் அரசின் மேலிடத்திலிருந்து வந்த இந்த முரண்பட்ட சொற்களைக் கேட்டவர்கள் அஞ்சியதில் என்ன தவறு?

போராட்டம் என்று ஒருமையில் பேசுவது வசதியாக இருந்தாலும், குறைந்தது இரண்டு வேறுபட்ட போராட்டங்கள் நடந்தன. முதலில் வெடித்தது வடகிழக்கில். 1979 முதல் 1985 வரை நடந்த அசாம் இயக்கம், 855 பேரைத் தன் தியாகிகளாகக் கணக்கிடும் இயக்கம், 1971 மார்ச் 24 என்ற எல்லை நாளை ஒன்றிய அரசோடு செய்த ஒப்பந்தத்தின் வழியே பெற்றுத் தந்திருந்தது. அந்த நாளுக்குப் பின் வந்தவர் இந்துவானாலும் முஸ்லிமானாலும் வெளியேற வேண்டும் என்பது அங்குள்ள பெரும்பான்மைக் கருத்து. புதிய சட்டம் அந்த நாளை, முஸ்லிம் அல்லாதோருக்கு மட்டும், 2014 டிசம்பர் 31 வரை நகர்த்தியது. தங்கள் மொழியும் நிலமும் கரைந்துபோகும் என்று அஞ்சிய மக்கள் குவாஹாட்டியில் ஊரடங்கை மீறி வெளியே வந்தார்கள், துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின, இணையம் துண்டிக்கப்பட்டது, ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபேயோடு அங்கே நடக்கவிருந்த உச்சி மாநாடு தள்ளிப்போனது. விவசாயிகள் சங்கத் தலைவர் அகில் கோகோய் டிசம்பர் 12 அன்று கைது செய்யப்பட்டு, ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்து, சிறையிலிருந்தபடியே 2021 தேர்தலில் சிவசாகர் தொகுதியில் வென்றார். தில்லியில் கேட்டது முஸ்லிம்களையும் சேர்த்துக்கொள் என்ற குரல். அசாமில் கேட்டது யாரையும் சேர்க்காதே என்ற குரல். இரண்டும் ஒரே சட்டத்தை எதிர்த்தன, ஒரே காரணத்துக்காக அன்று. இந்த வேறுபாட்டை மறைத்து எழுதிய கட்டுரைகளே அதிகம்; அதனால் அசாம் மக்களின் கவலை இந்தியாவின் பிற பகுதிகளுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை.

டிசம்பர் 15 அன்று தில்லி ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்துக்குள் காவல்துறை நுழைந்து நூலகத்தில் இருந்த மாணவர்களையும் தாக்கிய காட்சிகள் வெளிவந்ததும் போராட்டம் வேறு நிலைக்குப் போனது. அதே நாளில் அந்தப் பகுதியில் பேருந்துகள் எரிக்கப்பட்டன. மேற்கு வங்கத்தில் இரயில்களும் நிலையங்களும் தீக்கிரையாயின. அவற்றைக் கண்டிக்கத் தயங்கக் கூடாது. ஆனால் உயிரிழப்புகளின் கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. உத்தரப் பிரதேசத்தில் அந்த மாதத்தின் மூன்றாம் வாரத்தில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டிசம்பர் 19 அன்று மங்களூரில் காவல்துறை சுட்டதில் இருவர் மாண்டார்கள். அன்றே பெங்களூரில் வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குஹா பேட்டி அளித்துக்கொண்டிருந்தபோது பிடித்துச் செல்லப்பட்டார். அங்கே பிறப்பிக்கப்பட்ட 144 தடை உத்தரவு சட்டப்படி செல்லாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் பின்னர் கூறியது. உத்தரப் பிரதேச அரசு சொத்துச் சேதத்துக்கு ஈடு கேட்டு அறிவிக்கைகள் அனுப்பியதோடு, குற்றம் சாட்டப்பட்டவர்களின் படங்களையும் முகவரிகளையும் லக்னோ வீதிகளில் பதாகைகளாகவும் வைத்தது. அவற்றை அகற்றுமாறு அலகாபாத் உயர் நீதிமன்றம் 2020 மார்ச்சில் உத்தரவிட்டது. அறிவிக்கைகளையே உச்ச நீதிமன்றத்தின் கண்டிப்புக்குப் பிறகு 2022 இல் அரசு திரும்பப் பெற்றது.

ஷாஹீன் பாக் இவற்றிலிருந்து தனித்து நிற்கிறது. தில்லியையும் நொய்டாவையும் இணைக்கும் சாலையில், ஜாமியா தாக்குதலின் இரவை ஒட்டி உட்கார்ந்த பெண்கள் கொரோனா ஊரடங்கு தொடங்கும் வரை, நூறு நாட்களுக்கு மேல், எழவில்லை. மேடையில் அரசமைப்பின் முகப்புரை வாசிக்கப்பட்டது. அம்பேத்கர், காந்தி படங்கள் இருந்தன. தேசியக் கொடி பறந்தது. பொதுவாழ்க்கையில் முஸ்லிம் பெண்களை யாரோ பேசவேண்டிய பொருளாகவே நடத்திப் பழகிய நாட்டில், அவர்கள் தாங்களே பேசினார்கள். அந்தச் சாலை அடைபட்டதால் நாள்தோறும் அலைக்கழிந்த மக்களின் குறையும் உண்மையானதே. உச்ச நீதிமன்றம் சஞ்சய் ஹெக்டே, சாதனா ராமச்சந்திரன் ஆகிய வழக்கறிஞர்களைப் பேச்சு நடத்த அனுப்பியது. 2020 அக்டோபரில் அளித்த தீர்ப்பில், எதிர்ப்புத் தெரிவிக்கும் உரிமை உண்டு, ஆனால் பொதுவழியைக் காலவரையின்றி மறிக்க முடியாது என்றது. அந்தத் தீர்ப்போடு எனக்கு ஓரளவே உடன்பாடு. அரசு தரப்பில் ஓர் அமைச்சர்கூட அந்தப் பெண்களிடம் வந்து பேசாத நூறு நாட்களை அது போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை. 2020 பிப்ரவரி 23 முதல் வடகிழக்குத் தில்லியில் நடந்த வன்முறையில் 53 பேர் இறந்தார்கள். அதன் பின்னணியில் தொடுக்கப்பட்ட சதி வழக்கில் போராட்ட மாணவர்கள் பலர் உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் கீழ்ச் சிறை சென்றார்கள். 2021 ஜூனில் மூவருக்குப் பிணை வழங்கிய தில்லி உயர் நீதிமன்றம், எதிர்ப்புரிமைக்கும் பயங்கரவாதச் செயலுக்கும் இடையிலான கோடு அரசின் பார்வையில் மங்கிவருவதாகக் கவலை தெரிவித்தது. மற்றவர்களில் சிலர் விசாரணை முடியாமலே ஆண்டுக்கணக்கில் சிறையில் கழித்தார்கள்.

தமிழ்நாட்டுக்கு என்ன அக்கறை என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரு சட்டம் யாருடைய பெயரையும் சொல்லாமல், ஆவணத்தை மட்டும் கேட்டு, ஒரு சமூகத்தையே நாடற்றதாக்க முடியும் என்பதைத் தமிழர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1948 ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தமிழர் என்று எங்கும் குறிப்பிடவில்லை. தந்தை இலங்கையில் பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததற்குச் சான்று காட்டு என்றுதான் கேட்டது. தலைமுறைகளாகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர்களிடம் அந்தச் சான்று இல்லை. ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் குடியுரிமையையும், அடுத்த ஆண்டு வாக்குரிமையையும் இழந்தார்கள். இன்று மலையகத்துக்கு, நாளை நமக்கு என்று உணர்ந்த இலங்கைத் தமிழர் தலைவர் செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு இதுவே உடனடிக் காரணம். 1964 இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் அந்த மக்களைக் கேட்காமலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். மீந்த ஒன்றரை லட்சம் பேரை 1974 ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் தோட்டங்களில் இன்றும் வேலை செய்யும் குடும்பங்கள் அந்தப் பங்கீட்டின் மிச்சம்.

1983 க்குப் பின் போருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர்களின் நிலை இன்னும் கூர்மையானது. தமிழ்நாட்டில் நூறுக்கும் மேற்பட்ட முகாம்களில் 58,000 பேர் அளவில் வாழ்கிறார்கள். முகாமுக்கு வெளியே வாழ்வோர் வேறு. அவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள், கணிசமானோர் கிறிஸ்தவர்கள். படகேறி வந்தபோது கடவுச்சீட்டு எடுத்துவராததால், 2003 ஆம் ஆண்டு வரையறையின்படி அவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள். 2004 டிசம்பர் 3 முதல், பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறியாக இருந்தாலே இங்கே பிறக்கும் குழந்தை குடியுரிமை பெறாது. தமிழைத் தவிர வேறொன்றும் அறியாமல், இராமேசுவரத்துக்கு அப்பால் எதையும் பார்க்காமல் வளர்ந்த இளைஞர்கள் வெளிநாட்டவர்களாகவே இருக்கிறார்கள். இவர்களை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டபோது, சட்டம் அரச மதமுள்ள மூன்று நாடுகளுக்கே உரியது என்று பதில் வந்தது. இலங்கை அரசமைப்பின் 9 ஆவது உறுப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளிக்கிறது என்பதையும், 1983 ஜூலையில் என்ன நடந்தது என்பதையும் அறிந்தவர்களுக்கு அந்தப் பதில் போதவில்லை. முஸ்லிம்களை விலக்கியதால் சட்டத்தை எதிர்த்தவர்களும், ஈழத் தமிழரை விலக்கியதால் எதிர்த்தவர்களும் தமிழ்நாட்டில் ஒரே மேடையில் நின்றதற்கு இதுதான் காரணம். வேறு எந்த மாநிலத்திலும் போராட்டத்துக்கு இந்த இரட்டைக் குரல் இல்லை.

மாநிலங்களவையில் சட்டம் நிறைவேறியபோது அ.தி.மு.க.வின் 11 உறுப்பினர்களும் பா.ம.க.வின் அன்புமணியும் ஆதரித்து வாக்களித்தார்கள். அந்த 12 வாக்குகளும் மறுபக்கம் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி அடுத்த சட்டமன்றத் தேர்தல் வரை அவர்களை விடவில்லை. தி.மு.க.வும் தோழமைக் கட்சிகளும் டிசம்பர் 23 அன்று சென்னையில் பேரணி நடத்தின. ஆனால் அந்த மாதம் பலர் மனத்தில் பதிந்தது கட்சிப் பேரணி அன்று. மார்கழி 13, அதாவது டிசம்பர் 29 காலை, பெசன்ட் நகர் வீதியில் சட்டமும் பதிவேடும் வேண்டாம் என்று எழுதிக் கோலமிட்ட இளைஞர்களைக் காவல்துறை பிடித்துச் சென்றது. மார்கழியில் வாசலில் கோலமிடுவது குற்றமா என்று தமிழ்நாடு முழுவதும் கேட்டது, மறுநாளே தி.மு.க. தலைவர்களின் வீட்டு வாசல்களிலும் எண்ணற்ற சாதாரண வீடுகளிலும் அதே வாசகக் கோலங்கள் முளைத்தன. அதுவரை இது முஸ்லிம்களின் பிரச்சினை என்று ஒதுங்கியிருந்த பல வீடுகளுக்குள் விவாதம் நுழைந்தது அந்தக் கோலத்தின் வழியேதான் என்று நான் கருதுகிறேன். பிப்ரவரி 14 இரவு பழைய வண்ணாரப்பேட்டையில் அமர்ந்திருந்தவர்கள் மீது நடந்த தடியடி, ஒரே இரவில் மாநிலத்தின் பல ஊர்களில் சாலை மறியலைக் கிளப்பியது. வண்ணாரப்பேட்டைத் தர்ணா அதன்பின் கொரோனா வரும் வரை தொடர்ந்தது. சென்னையின் ஷாஹீன் பாக் என்று அதைப் பத்திரிகைகள் அழைத்தன.

இவற்றால் என்ன விளைந்தது? சட்டம் நீக்கப்படவில்லை, உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடையும் விதிக்கவில்லை. ஆனால் சட்டம் 2020 ஜனவரி 10 அன்று நடைமுறைக்கு வந்தும், அதற்கான விதிகளை எழுத அரசு 2024 மார்ச் 11 வரை எடுத்துக்கொண்டது. 2020 ஏப்ரலில் தொடங்கவிருந்த மக்கள்தொகைப் பதிவேட்டுப் பணி கொரோனாவால் நின்றது. அதற்கு முன்பே கேரளமும் மேற்கு வங்கமும் அதை நிறுத்திவைத்திருந்தன. ஒன்றிய ஆட்சிக்குத் தோழமையாக இருந்த அன்றைய தமிழ்நாட்டு அரசே, சர்ச்சைக்குரிய கேள்விகளுக்கு விளக்கம் கேட்டுத் தில்லிக்கு எழுதியிருப்பதாகவும், அது வரும் வரை பணி தொடங்காது என்றும் 2020 மார்ச்சில் அறிவித்தது. வீதியில் கூட்டம் இல்லாமல் அந்த அறிவிப்பு வந்திருக்காது. 2021 இல் அ.தி.மு.க. தன் தேர்தல் அறிக்கையில், தானே ஆதரித்து வாக்களித்த சட்டத்தைத் திரும்பப் பெற வலியுறுத்துவதாக உறுதி அளித்தது. கேரள சட்டமன்றம் 2019 டிசம்பர் 31 அன்று நிறைவேற்றியதைப் போன்ற தீர்மானத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2021 செப்டம்பர் 8 அன்று நிறைவேற்றியது. குடியுரிமை ஒன்றியப் பட்டியலில் உள்ள பொருள் என்பதால் இத்தீர்மானங்களுக்குச் சட்ட வலிமை இல்லை; அரசியல் வலிமை உண்டு.

பதிவேடு என்ற சொல் மறைந்தாலும் அதன் தர்க்கம் மறையவில்லை. 2025 ஜூனில் பிகாரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தைத் தேர்தல் ஆணையம் தொடங்கியபோது, 1987 ஜூலை 1 க்குப் பின் பிறந்தவர் பெற்றோரில் ஒருவருடைய சான்றையும், 2004 டிசம்பர் 2 க்குப் பின் பிறந்தவர் இருவருடைய சான்றையும் தர வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. இவை பிறப்பால் குடியுரிமை யாருக்கு என்பதைக் குடியுரிமைச் சட்டம் பிரிக்கும் நாள்கள். அது குடிமக்கள் பதிவேடு அன்று, வாக்காளர் தகுதியை ஆராயும் பணிதான் என்கிறது ஆணையம். ஆயினும் அதே ஆண்டு நவம்பரில் அது தமிழ்நாட்டுக்கு வந்தபோது, 2020 இல் தர்ணாவில் உட்கார்ந்த குடும்பங்கள் தங்கள் பெற்றோரின் பழைய வாக்காளர் பட்டியல் பக்கங்களைத் தேடியதில் வியப்பில்லை.

முகாம்களில் உள்ள ஈழத் தமிழர்களைப் பொறுத்தவரை, சிறு அசைவுகள் நீதிமன்றங்களின் வழியாகவே வந்தன. 1986 இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், 1987 ஜூலை 1 க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் என்பதால் பிறப்பாலேயே குடிமகள் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 இல் கூறி, அவருக்குக் கடவுச்சீட்டு வழங்க உத்தரவிட்டது. 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமின்றி நுழைந்ததற்கான தண்டனை விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. இனி அவர்கள் மீது அந்தக் காரணத்துக்காக வழக்குத் தொடுக்க முடியாது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழியை மட்டும் அந்த ஆணை திறக்கவில்லை. அதற்கு 2019 ஆம் ஆண்டுச் சட்டத்தின் நாடுகள் பட்டியலில் இலங்கையைச் சேர்க்க வேண்டும், அல்லது நாடும் மதமும் கேட்காத ஓர் அகதிகள் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும். இந்தியாவில் இன்று வரை அப்படி ஒரு சட்டம் இல்லை.